இரவில் வந்த நாகமும் தினமும் வரும் நாகினியும்

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்த பெண் ஒருத்தி. கணவன் பகல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறான். சாப்பிட்டு முடித்ததும் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுகிறான். இரவெல்லாம் அவனுக்கு வேறொருத்தி வீடு. இரக்கப்பட்ட பார்வையற்ற கிழவி ஒருத்தி ஒரு வசிய வேரைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பெண் அதை அரைத்துக் குழம்பில் கலக்கிறாள். குழம்பு ரத்தமாகச் சிவந்து கொதிப்பதைப் பார்த்ததும் நடுங்கிப்போய், வெளியே இருந்த புற்றில் கொட்டிவிடுகிறாள். புற்றுக்குள் இருந்த நாகம் அதைக் குடித்து அவள்மேல் மையல் கொள்கிறது. அன்று முதல் இரவுதோறும் கணவன் உருவில் அவளைத் தேடி வருகிறது.

கிரீஷ் கார்னாடின் ‘நாகமண்டல’ நாடகம் சொல்லும் கதை இது. அந்தப் பெண்ணின் பெயர் ராணி. அவள் கருவுற்றதும், தான் தொடாத மனைவி எப்படிக் கர்ப்பமானாள் என்று கணவன் அப்பண்ணா பஞ்சாயத்தைக் கூட்டுகிறான். ராணி புற்றுக்குள் கைவிட்டு நாகத்தைப் பிடித்துச் சத்தியம் செய்கிறாள்: கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறு எந்த ஆணையும் தொட்டதில்லை. சத்தியத்தின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. நாகம் அவள் தலைக்குமேல் படம் விரிக்கிறது. ஊர் அவளை அம்மன் என்று விழுந்து வணங்குகிறது.

அடுக்களையில் வாய்வழியாக உலவிய கதை நாடகமாகி, திரைப்படமாகி, பெங்களூரின் சின்னத்திரையில் நாகங்கள் நெளியத் தொடங்கிய காலம்வரை வந்திருக்கிறது. உலகத் தொலைக்காட்சியிலும் பழங்கதைகளைப் புதுப்பிக்கும் ஆசை ஓய்ந்ததில்லை. அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் 2011 முதல் 2018 வரை ஏழு பருவங்கள் ஓடிய ‘ஒன்ஸ் அபான் எ டைம்’, ஸ்னோ ஒயிட் முதலான கதைமாந்தரைத் தாங்கள் யாரென்றே மறந்துபோன சிற்றூர்வாசிகளாக இன்றைய உலகில் நடமாடவிட்டது. நம் பக்கத்துத் தொலைக்காட்சியில் அந்த இடம் நாகத்துக்கே வாய்த்திருக்கிறது. ஆனால் கதையில் வந்த நாகமும் தொடர்களில் வரும் நாகமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே பெண்ணின் நிலை எப்படி மாறியது, கதையின் முடிவு எங்கே தொலைந்தது என்பதே இங்கே கேள்வி.

அடுக்களையில் பிறந்த கதை

இந்தக் கதையைக் கார்னாடுக்குச் சொன்னவர் ஏ. கே. ராமானுஜன். குறுந்தொகைப் பாடல்களை 1967இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவராகத் தமிழர்கள் அவரை அறிவார்கள். 1929இல் மைசூரில் தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்குள் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவின் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் என்று வளர்ந்தார். கர்நாடகக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்த நாட்களிலேயே கன்னட வாய்மொழிக் கதைகளைத் திரட்டத் தொடங்கினார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோதும் அந்த வேலையை விடவில்லை. 22 மொழிகளின் கதைகள் கொண்ட அவருடைய தொகுப்பு 1991இல் வந்தது. கன்னடக் கதைகள் மட்டுமே கொண்ட ‘எ ஃப்ளவரிங் ட்ரீ’ அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1997இல், வெளியானது.

கார்னாட் 1987–88இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகத் தங்கியிருந்தபோது ‘நாகமண்டல’வை எழுதினார். ராமானுஜனிடம் கேட்ட இரண்டு வாய்மொழிக் கதைகளே அதற்கு மூலம். ஒன்று நாகக் காதலன் கதை. மற்றொன்றில், ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரிந்தும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறாள் ஒரு மனைவி. அடைபட்டுச் சலித்த கதை அவள் வாயிலிருந்து நழுவி ஆண்செருப்பாக மாறி வாசலில் கிடக்கிறது; பாட்டு ஆணின் மேலங்கியாகி ஆணியில் தொங்குகிறது. வந்த கணவன் சந்தேகப்படுகிறான். சண்டையிட்டு, அனுமார் கோயிலில் போய்ப் படுக்கிறான். ஊர் விளக்குகளை அணைத்ததும் சுடர்களெல்லாம் அங்கே வந்து கூடி வம்பளக்கின்றன. தாமதமாக வந்து சேர்ந்த அவன் வீட்டுச் சுடர் நடந்ததைச் சொல்ல, அவனுக்கு உண்மை தெரிகிறது.

கார்னாட் இந்தச் சுடர்க் கதையை நாடகத்துக்கு வாசலாக்கினார். பாழடைந்த கோயிலில் ஒரு நாடக ஆசிரியன். தன் நாடகங்களால் எத்தனையோ பேரைத் தூங்கவைத்த குற்றத்துக்காக, அந்த மாதத்தில் ஓர் இரவு முழுக்கக் கண்விழிக்காவிட்டால் சாவு என்பது அவனுக்குச் சாபம். அன்றுதான் கடைசி இரவு. சுடர்கள் வந்து கூடுகின்றன. கதை ஒரு பெண்ணாக வந்து தன்னைச் சொல்லிக்கொள்ளத் தொடங்குகிறது.

நாடகத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் கார்னாட் முக்கியமான ஒன்றைக் கவனிக்கிறார். இந்தக் கதைகள் அந்தி நேரத்தில் குழந்தைகளுக்குச் சோறூட்டும்போதோ தூங்கவைக்கும்போதோ வீட்டுப் பெண்கள் சொல்பவை. அருகில் இருக்கும் பெரியவர்களும் பெண்களே. பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாலும், அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனிவழியாகவும் அவை இருந்தன. ராணியின் நிலையையும் அவர் இந்தக் கண்ணால் பார்க்கிறார்: கூட்டுக்குடும்பத்துக்கு வந்த இளம்பெண்ணுக்குக் கணவன் இரண்டு ஆட்கள். பகலில் முகம்கொடுத்துப் பேசாத அந்நியன், இரவில் காதலன். நாகம் என்ற கற்பனை, நாள்தோறும் அவள் வாழும் அந்தப் பிளவுக்கு உருவம் கொடுத்தது.

கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கும் கதை

ஆண் நாயகனான கதைகள் பெரும்பாலும் கல்யாணத்தில் முடியும். கடல் கடந்து, அரக்கனைக் கொன்று, இளவரசியை மணந்ததும் கதைக்கு வேலை முடிந்துவிடுகிறது. பெண்ணை மையமாகக் கொண்ட கதைகளில் சிக்கலே கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று காட்டினார் ராமானுஜன். பெண் கதைகளைப் பற்றிய அவருடைய ஆய்வின் உயிர்நாடி இது. இந்தக் கதைகளில் பெண் வாளெடுப்பதில்லை. வாய் திறந்து தன் கதையைச் சொல்லும் இடம் கிடைத்ததும் அவள் நிலை மாறுகிறது. ராணிக்கு அந்த இடம் பஞ்சாயத்தும் புற்றும்.

‘பூக்கும் மரம்’ கதையும் இதே ரகம். ஏழை வீட்டுப் பெண் தன்மேல் நீர் வார்க்கச் சொல்லிப் பூமரமாக மாறுகிறாள். கிளை முறியாமல் பூவைப் பறித்துக்கொள்ளலாம். மறுபடி நீர் வார்த்தால் பெண்ணாகிவிடுவாள். இளவரசனை மணக்கிறாள். அங்கே நாத்தனாரும் தோழிகளும் அவளை மரமாக்கி, கிளைகளை முறித்துப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். கையும் காலுமற்ற உடலாகக் கிடக்கும் அவளைப் பல நாள் கழித்துக் கணவன் அடையாளம் கண்டு, முறிந்தவற்றைச் சேர்த்து மீட்கிறான். கார்னாட் இக்கதையை ‘செலுவி’ என்று 1992இல் இந்தித் திரைப்படமாக்கினார். சோனாலி குல்கர்ணியின் முதல் படம் அது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. அதே கதையை ஜான் ஆடம்ஸ் 2006இல் வியன்னாவில் இசை நாடகமாக அரங்கேற்றினார். அடுக்களைக் கதை எவ்வளவு தூரம் பயணம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘நாகமண்டல’வும் அப்படித்தான் பயணப்பட்டது. ஷங்கர் நாக்கின் ‘சங்கேத்’ குழு அதைப் பெங்களூர் மேடைக்குக் கொண்டுவந்தது. 1993இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கத்ரி அரங்கம் அதன் ஆங்கில வடிவத்தை நிகழ்த்தியது. 1997இல் டி. எஸ். நாகாபரணா இயக்கத்தில் படம் வந்தது. பிரகாஷ் ராஜ் கணவனாகவும் நாகமாகவும் நடிக்க, விஜயலட்சுமி ராணியானார். இசை சி. அஸ்வத். ஒரே முகம் பகலில் கடுகடுத்தும் இரவில் கனிந்தும் தோன்றுவதைத் திரையில் பார்க்கும்போது, கார்னாட் முன்னுரையில் சொன்ன இரண்டு ஆட்களும் ஒரே உடலில் கண்முன் நிற்கிறார்கள்.

நாடகத்தின் முடிவில் கார்னாட் கைவைத்த விதம் கூர்ந்து பார்க்கத் தக்கது. ராணி கணவனோடு நிம்மதியாக வாழ்வதைக் கண்ட நாகம் அவள் கூந்தலிலேயே சுருக்கிட்டு இறக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த சுடர்களுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. அதனால் இன்னொன்று: நாகம் உயிரோடு அவள் கூந்தலுக்குள் தங்கிவிடுகிறது. கேட்பவரின் மனம் கதையின் முடிவைத் திருத்தும் வாய்மொழி மரபை அவர் மேடையிலேயே நடத்திக் காட்டினார். ராஜஸ்தானில் விஜய்தான் தேதா எழுதிய ‘துவிதா’வில் கணவன் உருவில் வருவது ஒரு பேய். தான் யாரென்ற உண்மையை அது மனைவியிடம் மறைப்பதில்லை. 1973இல் மணி கௌல் எடுத்த படத்தில் பேய் பிடிபட, பெண் வாயற்றவளாக நிற்கிறாள். 2005இல் வந்த ‘பஹேலி’யில் பேய் கணவனுக்குள்ளேயே புகுந்து அவளோடு வாழ்கிறது. கதையின் உடல் ஒன்றே. யார் பக்கம் நிற்கிறோம் என்பதை முடிவு காட்டிக்கொடுக்கிறது.

வேறொரு நாகம்

ஜீ கன்னடாவில் 2016இல் தீபிகா தாஸ் நடித்த ‘நாகினி’ தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 நவம்பரில், ஏக்தா கபூரின் இந்தி ‘நாகின்’ வந்திருந்தது. 2017 ஜனவரியில் சன் டிவியில் சுந்தர் சி-யின் கதையில் ‘நந்தினி’. இவற்றின் நாகம் ராணியைத் தேடி வந்த நாகத்தின் வாரிசு அல்ல. அதன் மரபு சினிமாவிலிருந்து வருகிறது. 1976இல் இந்தியில் வந்த ‘நாகின்’, அதைத் தழுவி 1979இல் ஸ்ரீப்ரியாவும் கமல்ஹாசனும் நடித்த ‘நீயா?’ ஆகிய படங்களில் இணையைக் கொன்றவர்களைப் பெண் நாகம் உருமாறி வந்து ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறது. தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது இந்தச் சட்டகத்தை.

வேறுபாடு மேலோட்டமானது அல்ல. நாட்டுப்புறக் கதையில் நாகம் ஆண். பெண் மனிதப் பிறவி. அவள் பயப்படுகிறாள், ஆசைப்படுகிறாள், சந்தேகிக்கிறாள், பிறகு ஊர்முன் நின்று பேசுகிறாள். அவள் அடையும் பலம் மனிதப் பெண்ணுக்கு உரிய பலம். பழிவாங்கும் கதையில் பெண்ணே நாகம். அவளுக்குச் சக்தி உண்டு. ஆனால் மனுஷியாக இல்லாததால் கிடைத்த சக்தி அது. அதே வீட்டில் இருக்கும் மற்ற மருமகள்களுக்கும் மாமியார்களுக்கும் அது எட்டாது. பூட்டிய கதவுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ‘நாகமண்டல’ வழி சொல்கிறது. ‘நாகினி’யிடமிருந்து அவள் எடுத்துக்கொள்ள முடிவது வேடிக்கை மட்டுமே.

நாக வழிபாடு இந்த மண்ணில் கற்பனைச் சரக்கு அல்ல. பெங்களூரில் எந்தப் பழைய பேட்டையிலும் அரசும் வேம்பும் பிணைந்த மேடையில் வரிசையாக நாகக்கற்கள் நிற்கும். மஞ்சளும் குங்குமமும் பூசப்பட்டிருக்கும். பிள்ளை வரம் வேண்டியும் நாகதோஷம் நீங்கவும் நகரவாசிகள் தொட்டபள்ளாப்பூர் அருகே காட்டி சுப்ரமண்யாவுக்குப் போகிறார்கள். கரையோரத் துளு நாட்டில் வண்ணப்பொடிகளால் நாகத்தின் உருவை வரைந்து இரவெல்லாம் ஆடும் சடங்கின் பெயரைத்தான் கார்னாட் தம் நாடகத்துக்கு வைத்தார். நாகக்கல்லைச் சுற்றும் பெண் குழந்தையும் நல்வாழ்வும் கேட்டு வேண்டிக்கொள்கிறாள். ராணியின் கதை அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாகமணியும் பழிதீர்க்கும் சபதமும் வெகு தொலைவில்.

முடிவைத் தொலைத்த வடிவம்

இந்த மாற்றத்துக்கு எழுத்தாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வடிவமே கதையைத் தீர்மானிக்கிறது. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரம், 26 வாரம் என்ற கணக்கில் தொடர்கள் வந்தன. 1985இல் ராமானந்த் சாகர் எடுத்த ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடரில் ஒவ்வொரு வாரமும் ஒரு கதை. ராஜா சுமக்கிறான், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது, பதில் கிடைத்ததும் மரத்துக்குப் பறந்துவிடுகிறது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் ஓவியர் சங்கர் வரைந்த வேதாளப் படங்களோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த அமைப்பு பழகியது. சொல்பவர் யார், கேட்பவர் யார், கேள்வி என்ன என்று எல்லாம் ஒரே அமர்வில் தெளிவாகிவிடும். 1990இல் நாகாபரணா தூர்தர்ஷனுக்காக இயக்கிய ‘தெனாலி ராமா’வும் இப்படித்தான். கமலா லக்ஷ்மணின் கதைகளைக் கொண்டு, வாரம் ஒரு சம்பவமாக அது விஜயநகர அவையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது.

தனியார் அலைவரிசைகள் வந்ததும் இந்த அளவு குலைந்தது. உதயா டிவி 1994இல் தொடங்கியது. வாராந்திரத் தொடர்களின் இடத்தைத் தினசரித் தொடர்கள் பிடித்தன. 2015 முதல் ‘பார்க்’ அமைப்பு வாரந்தோறும் வெளியிடும் பார்வையாளர் மதிப்பீடு ஒவ்வொரு தொடரின் ஆயுளையும் அளக்கிறது. மதிப்பீடு நன்றாக இருக்கும்வரை தொடரை முடிக்க யாரும் முன்வரமாட்டார்கள். ‘நந்தினி’ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் 500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. இத்தனை நாளுக்கு ஈடுகொடுக்கும் உணர்ச்சி பழிவாங்கல் ஒன்றே. ஓர் எதிரி விழுந்தால் இன்னொருவரைக் கொண்டுவரலாம். சத்தியம் செய்து விடுதலை அடையும் பெண்ணுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அவள் சத்தியம் செய்துவிட்டால் கதை முடிந்துவிடும்.

இரு மொழியில் ஒரு நாகம்

‘நந்தினி’ தமிழிலும் கன்னடத்திலும் ஒரே நேரத்தில் படமாக்கப்பட்டு, இங்கே சன் டிவியிலும் அங்கே உதயா டிவியிலும் வந்தது. தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் குரல்மாற்றம் செய்யப்பட்டது. முதன்மை வேடத்தில் பெங்களூரைச் சேர்ந்த நித்யா ராம். கன்னடத்துக்கு மட்டும் ஏன் தனிப் படப்பிடிப்பு? 1960களில் டப்பிங்குக்கு எதிராக நடந்த இயக்கத்துக்குப் பிறகு கன்னடத் திரையுலகம் டப்பிங்குக்கு இடம் கொடுக்காமலே இருந்தது. 2015 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் இந்தத் தடையைப் போட்டிக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்து, அதைக் கடைப்பிடித்த கர்நாடக அமைப்புகளுக்கு அபராதம் விதித்தது. நடைமுறை மாறச் சில ஆண்டுகள் ஆயின. 2020இல் கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது, ஸ்டார் சுவர்ணாவில் மகாபாரதம் கன்னடக் குரலில் வந்தது.

டப்பிங் தடையின் நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தடை ஒரு நன்மையையும் செய்தது. கன்னட வசனம் எழுதுபவர்களுக்கும், கன்னட உச்சரிப்பில் பேசும் நடிகர்களுக்கும், பெங்களூரின் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் வேலை இருந்தது. இரு மொழியிலும் ஒரே கதையைச் சேர்ந்து படமாக்கும் பழக்கமும் பிறந்தது. தமிழும் கன்னடமும் ஒரே வீட்டில் புழங்கிய மைசூர்ச் சிறுவன் ராமானுஜன் கேட்டு வளர்ந்த கதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இல்லை.

தொடர்களுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் கொடுத்தாக வேண்டும். அவற்றின் களம் புகுந்த வீடு. சிக்கல் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. மாமியார், நாத்தனார், சகக்கிழத்தி என்ற உறவுகளே கதையை நகர்த்துகின்றன. பார்ப்பவர்களிலும் பெண்கள் ஏராளம். நேரமும் இரவுச் சாப்பாட்டு வேளை. ராமானுஜன் கண்ட பெண் கதையின் உலகம் தினசரித் தொடருக்குள் அப்படியே இருக்கிறது. அடுக்களையில் கதை கேட்ட கூட்டம் வரவேற்பறைக்கு இடம் பெயர்ந்திருக்கிறது என்றே சொல்லலாம். இல்லாமல் போனவை இரண்டு: தன் வாயால் பேசி விடுபடும் மனுஷி, அந்த விடுதலையோடு நிற்கும் முடிவு.

இரண்டையும் மீட்பது கற்பனைக்கு எட்டாத காரியமல்ல. இணையத் திரைத் தளங்கள் எட்டு, பத்துப் பகுதிகளில் முடியும் தொடர்களுக்குப் பார்வையாளரைப் பழக்கிவிட்டன. 2022இல் பெங்களூரின் ஹொம்பாளே நிறுவனம் தயாரித்து, ரிஷப் ஷெட்டி இயக்கிய ‘காந்தாரா’, கரையோரக் கிராமத்தின் தெய்வ மரபை வைத்தே நாடெங்கும் மக்களைத் திரையரங்குக்கு இழுத்தது. ராமானுஜனின் 1997 தொகுப்பில் மட்டும் 70க்கும் மேற்பட்ட கன்னடக் கதைகள் இருக்கின்றன. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில், ராமநகரம் அருகே, எச். எல். நாகேகௌடா உருவாக்கிய ‘ஜானபத லோகா’ நாட்டுப்புறப் பொருட்களையும் கலைகளையும் பாதுகாத்துவருகிறது. ஹாவேரி மாவட்டத்தில் 2011 முதல் நாட்டுப்புறவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகிறது. தமிழில் கி. ராஜநாராயணனின் ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ இருக்கிறது.

தயாரிப்பாளர் எவரேனும் இவற்றிலிருந்து பெண்கள் சொன்ன 13 கதைகளைத் தேர்ந்து, வாரம் ஒன்றாக, தமிழிலும் கன்னடத்திலும் சேர்ந்து படமாக்கலாம். கதையைச் சொன்னவரின் பெயர் தெரிந்த இடத்தில் அதைத் தொடக்கத்திலேயே திரையில் போட வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரு பெண் தன் கதையைச் சொல்லி முடிக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் வேறொரு வீடு, வேறொரு பெண். இரு மொழியிலும் பேசி நடிக்கத் தெரிந்தவர்களும், அப்படிப் படமெடுக்கத் தெரிந்த குழுக்களும் ‘நந்தினி’யின் காலத்திலேயே உருவாகிவிட்டார்கள்.